அடுத்தவர் இலை

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பகலெல்லாம் பாடுபட்டுக் களைத்த உடலோடு, இந்த இரவிலே, இந்தத் திடலிலே வந்து அமர்ந்திருக்கின்ற அருமைத் தோழர்களே!

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு, 'உணவும் உரிமையும்' என்பது. நான் அதைச் சற்றே சுருக்கி, 'அடுத்தவர் இலை' என்று ஆக்கிக்கொண்டேன். தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையிலே சிலர் முகத்தில் முறுவல் மலர்வதைக் காண்கிறேன். அரசியல் பேச வந்தவர் அடுப்படியிலே நுழைகிறாரே என்ற எண்ணம் போலும்! நுழையத்தான் வேண்டும், தோழர்களே! யாருக்குச் சோறு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியிலே பிறந்ததுதான் அரசியல். யாரோடு யார் அமர்ந்து உண்பது என்ற கேள்வியிலே வளர்ந்ததுதான் தமிழகத்துச் சமுதாய இயக்கம். எதை எவர் உண்ணலாம் என்ற கேள்வி, இன்று மூன்றாவதாக வந்து நிற்கிறது, முறைத்துக்கொண்டு நிற்கிறது!

பந்தியிலே அமர்ந்தவனுக்குப் பார்வை மூன்று உண்டு. தன் இலையைப் பார்ப்பது ஒன்று. பக்கத்து இலையிலே என்ன குற்றம் என்று பார்ப்பது மற்றொன்று. பக்கத்து இலையிலே என்ன குறை என்று பார்ப்பது இன்னொன்று. முதற்பார்வை உடலைக் காக்கும். இரண்டாம் பார்வை ஊரைப் பிளக்கும். மூன்றாம் பார்வை ஊரை வாழவைக்கும். குற்றம் வேறு, குறை வேறு. 'இதையா தின்கிறாய்?' என்று கேட்பவன் குற்றம் பார்க்கிறான். 'இதுதானா கிடைத்தது?' என்று கேட்பவன் குறை பார்க்கிறான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே உள்ள தொலைவைத்தான் இன்று உங்களோடு நடந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலிலே, தன் இலை.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதிலே ஒரு பச்சிலையின் பெயரும் இல்லை. ஒரு சூரணத்தின் பெயரும் இல்லை. முன்னே உண்டது செரித்ததா என்று தெரிந்து, நன்றாகப் பசித்த பின்னர், அளவறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டா என்பது அவர் காட்டிய வழி. படிக்காத நம் வீட்டுக் கிழவி, 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்றாள். இன்று பெருநகரங்களிலே இதற்கென வகுப்பே நடத்துகிறார்கள். கைப்பேசியை அணை, தொலைக்காட்சியை நிறுத்து, கவளத்தைக் கண்ணால் பார், மணத்தை நுகர், மெல்ல மெல்ல மென்று தின், வயிறு போதும் என்றதும் எழுந்திரு என்று கற்பிக்கிறார்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும்; ஆதலால் அள்ளி விழுங்குபவன் அளவு கடந்த பிறகே அறிகிறான் என்கிறார்கள் மருத்துவர்கள். நல்ல பாடம்! நான் நகையாட மாட்டேன். சர்க்கரை நோய் சந்துக்குச் சந்து குடியேறிவிட்ட காலத்திலே, தன் இலையைத் தான் கவனிப்பது அறிவுடைமை.

ஆனால், ஒன்று கேட்கிறேன். கட்டட வேலையிலே கல் சுமக்கும் தாய், மேஸ்திரி கூப்பிடுவதற்குள் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, நான்கு கவளத்தை விழுங்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து ஓடுகிறாளே, அவளிடம் போய், "அம்மா, கவளத்தின் நிறத்தைக் கவனித்தாயா? முப்பத்திரண்டு முறை மென்றாயா?" என்று கேட்க முடியுமா? கவனித்து உண்ணக் காலம் வேண்டும். காலம் கிடைக்க உரிமை வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, அரை மணி நேரமாவது இடைவேளை கொடு என்று கூறியது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அமைதியாக அமர்ந்து உண்ணும் அரை மணி நேரம், யாரோ ஒரு ஞானி தியானத்திலே கண்டு தந்ததல்ல. தொழிலாளி கொடி பிடித்துப் பெற்றது! அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காத வேலைத்தளங்கள் எத்தனை! ஆகவே, நிதானமாக உண்ணுங்கள் என்று உபதேசிப்போர், நிதானமாக உண்ண நேரம் கொடுங்கள் என்று முதலாளியிடமும் சேர்த்துச் சொன்னால், நான் அவர்கள் வகுப்பிலே முதல் மாணவனாகச் சேரத் தயார்.

இனி, இரண்டாம் பார்வை. குற்றம் பார்க்கும் பார்வை.

நான் நாடகக்காரன். ஒரு காட்சி சொல்கிறேன், பாருங்கள். இடம்: கலியாணப் பந்தி. இலை போட்டாயிற்று. இலைக்கு முன் ஒருவர். அவர் பார்வை, தன் இலையிலே நிற்கவில்லை. வரிசை முழுவதும் உலா வருகிறது.

"என்ன ஐயா, மூன்றாம் முறையாகச் சோறு வாங்குகிறீரே! வீட்டிலே உலை வைப்பதில்லையா?"

"என்னம்மா, இப்படிக் கொறிக்கிறாய்! எலும்பும் தோலுமாக இருக்கிறாயே, போதாதா?"

"ஓ! நீர் சைவமோ? அதுதான் ஆள் இப்படிச் சாதுவாக இருக்கிறீர்!"

"தம்பி அசைவமோ? அதுதான் மூக்குக்கு மேலே கோபம் வருகிறது!"

நான்கு பேர், நான்கு தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர் உண்டா? இல்லை. சாட்சி உண்டா? இல்லை. நீதிபதி மட்டும் உண்டு. அவர் வாயிலும் சோறு!

இது வேடிக்கை, விடு என்பீர்கள். வேடிக்கையாகத்தான் தொடங்கும். எங்கள் தொழிலிலே உள்ள ஒரு தந்திரத்தைக் கூறுகிறேன். மேடையிலே கொடியவனை அறிமுகப்படுத்த ஒரு பக்க வசனம் எழுத வேண்டியதில்லை. கோழிக்காலைக் கையிலே கொடுத்து, கண்ணை உருட்டிக்கொண்டு கடிக்கச் செய்தால் போதும். கொட்டகை முழுவதும், 'இவன்தான் பாவி' என்று கண்டுகொள்ளும். நல்லவன் வருகிறானா? தயிர்ச்சோறு. சிரிப்பு வேண்டுமா? பருத்த உடலுடைய ஒருவரை இட்லி அடுக்குக்கு முன்னே உட்கார வை. திரைப்படத்திலும் இதே முறைதான். இதிலே விந்தை என்ன தெரியுமா? 2014-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கின்படி, தமிழகத்திலே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். ஞாயிறுதோறும் கறிக்குழம்பு கொதிக்கும் வீட்டிலிருந்து வந்தவன், கறி தின்பவனைக் கயவனாகக் காட்டும் காட்சிக்குக் கைதட்டுகிறான். தன் தட்டை இழிவென்று பிறன் சொல்லித் தந்ததைத் தானே நம்பிவிட்டான். அடிமைத்தனம் அரண்மனை வழியாக மட்டுமா வருகிறது? அடுக்களை வழியாகவும் வருகிறது!

உணவைக் கண்டா இழிவு கற்பித்தார்கள்? உண்பவனைக் கண்டு கற்பித்தார்கள். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உழைப்பாளியின் கலயத்திலே இருந்தவரையில், அவனுக்குக் 'காட்டான்' என்று பட்டம். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதே கம்பு, அதே கேழ்வரகு, இப்போது பளபளக்கும் உறைக்குள்ளே புகுந்து, கண்ணாடிக் கடையிலே குளிர்காய்கிறது. தானியம் மாறவில்லை, தோழர்களே! வாங்குகிற கை மாறியது, மதிப்பு மாறிவிட்டது.

வரலாற்றைப் பாருங்கள். 1920-களிலே, திருநெல்வேலிச் சீமையிலே, சேரன்மாதேவியில் ஒரு குருகுலம். நடத்தியவர் வ.வே.சு. ஐயர். நாட்டுக்காக நாடு கடந்து திரிந்தவர். தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி. அவர் தொண்டை நாம் மறுக்கவில்லை. காங்கிரசின் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் பெற்று நடந்த அந்தக் குருகுலத்திலே, பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப்பந்தி! வரதராசுலு நாயுடு கேட்டார்; பெரியார் கேட்டார்; நாடே கேட்டது. ஒரு பந்தியிலே மூண்ட வினா, தமிழகத்து அரசியலின் போக்கையே திருப்பிவிட்டது. புகைவண்டி நிலையத்து உணவுச்சாலைகளிலே 'பிராமணாள்', 'இதராள்' என்று இடம் பிரித்து வைத்திருந்தார்கள். போராட்டத்தின் பின்னர், 1941-இலேதான் அது ஒழிந்தது. மரக்கறி விடுதியிலும் மறைப்புக் கட்டியிருந்த காலம் அது! அங்கே புலால் ஏது? ஒரே உலை, ஒரே சோறு, இரண்டு இடம்! ஆகவே, தூய்மை என்ற பேச்சு முகமூடி. உள்ளே இருந்த முகம் சாதி.

அண்ணல் அம்பேத்கர், 1948-இல் வெளியிட்ட தம் நூலிலே, மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். ஊர் செய்த கொடுமையின் சுற்றைப் பாருங்கள். செத்த மாட்டை நீதான் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒருவனுக்குக் கட்டளையிட்டது ஊர். நிலம் தரவில்லை, நெல் தரவில்லை. பசித்தவன் அந்த இறைச்சியையே உண்டான். உண்டான் என்று கூறி அவனையே ஒதுக்கியது அதே ஊர்! வேறு உணவு கிடைக்காதபடி வழியை அடைத்துவிட்டு, கிடைத்ததைத் தின்றதற்குத் தண்டனையும் கொடுத்த நீதி இது.

பெண்ணின் இலையை விட்டார்களா? கணவனை இழந்தவள் வெங்காயம் தொடாதே, பூண்டு தொடாதே, இரவிலே சோறு உண்ணாதே என்று சில குலங்களிலே விதித்தார்கள். துணையை இழந்தவளுக்குத் தேறுதல் சொல்ல வேண்டிய ஊர், அவள் தட்டுக்குக் காவல் போட்டது!

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018 டிசம்பரிலே, சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றிலே, சைவ மாணவர்க்குத் தனி வாயில், கை கழுவத் தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பின் எடுத்தார்கள். சென்னைத் தெருக்களிலே, 'வீடு வாடகைக்கு. சைவம் மட்டும்' என்ற பலகையை நீங்கள் பார்த்ததில்லையா? 2015 செப்டம்பரிலே, உத்தரப்பிரதேசத்தில் தாத்ரிக்கு அருகே ஒரு சிற்றூர். பசு இறைச்சி வைத்திருக்கிறார் என்று ஒரு வதந்தி. இரவிலே கூட்டம் வீடு புகுந்தது. ஒரு குடும்பத் தலைவரை அடித்தே கொன்றது. அதன் பின்னர் நடந்ததைக் கேளுங்கள். அவர் வீட்டு இறைச்சியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 'இது ஆடா, மாடா?' என்று ஆராய்ந்தார்கள்! ஆடு என்றால் கொலை, மாடு என்றால் நியாயம் என்பதுபோல் ஒரு நாடே விவாதித்தது. பந்தியிலே கேலியாகத் தொடங்கிய பார்வை, எங்கே போய் முடிகிறது, பார்த்தீர்களா?

கைதட்டுகிறீர்கள், தோழர்களே. கொஞ்சம் பொறுங்கள். அடுத்து நான் சொல்லப்போவதற்கும் கைதட்டுகிறீர்களா பார்ப்போம்.

நம் முகாமிலே சிலர் இருக்கிறார்கள். மரக்கறி உண்ணும் நண்பர் ஒருவர் பக்கத்திலே அமர்ந்தால், "என்ன, பருப்புச் சோறா?" என்று சீண்டுவார்கள், எலும்பை எடுத்து அவர் இலைக்கு நேரே ஆட்டுவார்கள், அதைப் பகுத்தறிவு என்று கருதிக்கொள்வார்கள். அது பகுத்தறிவா? பண்பாடின்மை! 100-க்கு 97 பேர் ஒரு பக்கம், இரண்டு மூன்று பேர் மறுபக்கம் என்றால், அந்த இரண்டு மூன்று பேரை நிம்மதியாக உண்ண விடுவதிலேதான் 97 பேரின் பெருந்தன்மை தெரியும். எண்ணிக்கைப் பலத்தால் அவர்களை நாம் எள்ளினால், எண்ணிக்கைப் பலத்தால் வேறோர் இடத்திலே நம்மை எள்ளுவதைத் தட்டிக்கேட்க நமக்கு வாய் ஏது?

இன்னொன்று. "நான் ஆடு தின்பேன், அவன் பன்றி தின்பவன், அவன் மாடு தின்பவன்" என்று மூக்கைச் சுளிப்பவர் நம்மிடையே இல்லையா? அசைவத்துக்குள்ளேயே நான்கு வருணம் வகுத்துவிட்டு, மேலே இருப்பவன்மீது மட்டும் கல் எறிந்தால், அந்தக் கல் திரும்பி நம் முற்றத்திலேயே விழும்.

மேலும் ஒன்று. 2008 செப்டம்பரிலே கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி என்றார் அந்நாள் முதல்வர் கலைஞர். 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி ஆயிற்று. எத்தனையோ குடிசைகளிலே அணைந்த அடுப்பை எரியவைத்த அரிசி அது. அதைச் சமைத்து உண்பவரைப் பார்த்து, "ரேஷன் அரிசியா? வாசனை இங்கே வரைக்கும் வருகிறதே!" என்று நையாண்டி செய்பவன் யார்? வேற்றூரான் அல்லன், நம் தெருவிலேயே, போன ஆண்டு மாடி கட்டியவன்! அவன் தாயும் அந்த வரிசையிலே பை ஏந்தி நின்றவள்தான்.

பள்ளிக்கூடத்தையும் பாருங்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையிலே காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளை, வயிறார உண்டு பாடம் கேட்கிறது. ஆனால் அடுத்த ஆண்டே, சமைத்தவர் எந்தச் சாதி என்று கேட்டு, பிள்ளையை உண்ணவிடாமல் தடுத்த பெற்றோரைப் பற்றிய செய்தியும் இந்தத் தமிழகத்திலிருந்தே வந்தது! சேரன்மாதேவிக்கு நூறு ஆண்டு ஆகப்போகிற வேளையில்! இதற்கு நாம் வெட்கப்பட வேண்டாமா?

சரி, அடுத்தவர் இலையைப் பார்க்காமல் வாழத் தமிழனுக்குத் தெரியாதா? தெரியும். மிக நன்றாகத் தெரியும்.

கபிலர், தம்மை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட புலவர். சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் அவர் கையைப் பற்றி, எவ்வளவு மெல்லியவாக இருக்கின்றன என்று வியந்தபோது, உன் கை போர்த்தொழிலால் வலிமை பெற்றது. எம் போன்றோர் கை, ஊனும் சோறும் உண்பதையன்றி வேறு வேலை அறியாதது, ஆகவே மென்மையானது என்ற பொருளிலே விடை கூறினார். புறநானூற்றின் 14-ஆம் பாட்டு அது. மறைக்கவில்லை, குனியவில்லை, கேட்ட மன்னனும் முகம் சுளிக்கவில்லை.

வள்ளுவர் புலாலை மறுத்தவர். ஐயமில்லை. ஆனால், அந்த அதிகாரத்தை எங்கே வைத்தார்? துறவறவியலிலே வைத்தார். இல்லறத்தானுக்கு என்ன வைத்தார்? விருந்தோம்பல்! நோன்பு என்பது நோற்பவன் தன்மேல் தானே சுமத்திக்கொள்வது; விருந்து என்பது பிறர்க்கு அளிப்பது. நோன்பை எடுத்து அடுத்தவன் தலையிலே கட்டவும் சொல்லவில்லை. வந்தவனை வாசலிலே நிறுத்தி வாயை முகர்ந்து பார்க்கவும் சொல்லவில்லை.

வடலூருக்கு வாருங்கள். வள்ளலாரைவிடப் புலாலைக் கடிந்தவர் யார்? புலால் உண்பாரைத் தம் நெறிக்குப் புறத்தார் என்றே கருதியவர். ஆயினும், 1867 மே 23-ஆம் நாள் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினாரே, அந்த வாசலிலே, 'நேற்று என்ன தின்றாய்?' என்று கேட்க ஓர் ஆளை நிறுத்தினாரா? இல்லை. புறத்தார் ஆயினும் அவர் பசியையும் தீர்க்க வேண்டும் என்றார். அங்கே நுழையப் பசி ஒன்றுதான் தகுதி. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விரதத்திலே இரும்பு போன்றவர். அடுத்தவர் இலைக்கு முன்னே அன்னை போன்றவர். நம்மைப் போன்ற பகுத்தறிவுக் கட்சியாரும் தலைவணங்க வேண்டிய இடம் அது.

காந்தியார் மரக்கறி உண்பவர், பசுவைப் போற்றியவர். 1947 ஜூலையிலே, பசுவதையைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று தந்திகள் வந்து குவிந்தபோது, தில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்திலே அவர் மறுத்தார். மனம் ஒப்பாதவரைக் கட்டாயப்படுத்த இயலாது, இந்த நாடு இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று என்பது அவர் வாதம். தன் தட்டிலே கண்டிப்பு, பிறர் தட்டிலே கண்ணியம்! இன்று அவர் பெயரைச் சொல்லி மாலை சூட்டுபவர்கள் இந்த ஒரு பாடத்தை மட்டும் மறந்துவிடுகிறார்களே, ஏன்?

"அப்படியானால், எவர் எதைத் தின்றாலும் வாய்திறக்கவே கூடாதோ?" என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். திறக்கலாம்! அரிசியிலே கல் கலப்பவனையும், எண்ணெயிலே கலப்படம் செய்பவனையும் பார்த்துத் திறக்க வேண்டும். ஓங்கித் திறக்க வேண்டும். மருத்துவர் நோயாளியிடம் உப்பைக் குறை என்பார், அது அக்கறை. தாய் பிள்ளையிடம் கீரையைத் தின் என்பாள், அது அன்பு. உயிர்க்கொலை தீது என்று நம்புகிற நண்பர், மேடை போட்டுப் பேசட்டும், ஏடு நடத்தி எழுதட்டும், என்னிடமும் வந்து வாதாடட்டும், உட்கார்ந்து கேட்பேன். கருத்தோடு கருத்து மோதலாம். ஆனால், வாதத்திலே என்னை வெல்ல முடியாதபோது, வீட்டை மறுப்பது, வாயிலைப் பிரிப்பது, தடியைத் தூக்குவது என்று வந்தால், அது அகிம்சை அல்ல, அடக்குமுறை.

இந்த வேறுபாட்டைத் தமிழகம் ஒரு சத்துணவுக் கூடத்திலே செய்து காட்டியிருக்கிறது. 1920-இலே நீதிக்கட்சியின் ஆளுகையிலிருந்த சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைமையிலே, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1956-இலே காமராசர் ஆட்சி அதை நாடெங்கும் பரப்ப முனைந்தது. 1982 ஜூலையிலே எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989-இலே கலைஞர் முட்டையைச் சேர்த்தார். முதலிலே இரு வாரத்துக்கு ஒன்று, 2010-இலே வாரத்துக்கு ஐந்து. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, தட்டு மட்டும் காலியாகவில்லை. முட்டை உண்ணாத பிள்ளை இருந்தால்? அதன் கையிலே வாழைப்பழம்! 'ஏன் தின்ன மாட்டாய்?' என்று முட்டை உண்ணாத பிள்ளையைக் கேட்கவில்லை, 'ஏன் தின்கிறாய்?' என்று முட்டை உண்ணும் பிள்ளையைத் தடுக்கவில்லை. ஒரே வரிசை, ஒரே மணி, முட்டையும் பழமும் அருகருகே! சமத்துவம் என்பதற்கு ஆயிரம் பக்கத்திலே விளக்கம் எழுதுவோர், அந்தக் கூடத்திலே பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும்.

அண்டை மாநிலமான கருநாடகத்திலே, 2021-இல், வடமாவட்டங்கள் சிலவற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க முன்வந்தபோது, மடாதிபதிகள் சிலர் எதிர்த்தார்கள். அங்கும் முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. அப்படியிருந்தும் எதிர்ப்பு ஏன்? தம் பிள்ளை தின்ன நேரும் என்பதற்காக அன்று. பக்கத்துப் பிள்ளை தின்கிறதே என்பதற்காக! ஒரு முட்டையிலே ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. மெலிந்த பிள்ளையின் மேனியிலே அது எலும்பாகிறது, தசையாகிறது. அதைத் தட்டிப் பறிக்கும் கை, புனிதமான கையாகவே இருக்கட்டும், பறித்தது பறித்ததுதானே?

கடைசியாக, மூன்றாம் பார்வைக்கு வருகிறேன். குறை காணும் பார்வை. இதுதான் நாம் மறந்துபோன பார்வை.

இங்கே அமர்ந்திருக்கும் ஆண் தோழர்களைக் கேட்கிறேன். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போவீர்கள். சோறு சூடாக வரும். மீன் குழம்பென்றால் நடுத்துண்டு உங்கள் தட்டிலே விழும். உண்பீர்கள், கை கழுவுவீர்கள், உறங்குவீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டிலே ஒருவர் உண்கிறார். அவர் தட்டிலே என்ன இருக்கிறது? என்றைக்காவது பார்த்ததுண்டா? அடிச்சட்டியிலே ஒட்டிய சோறு. மீன் போய் மிஞ்சிய குழம்பு. ஊரார் தின்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. உடன் வாழ்பவள் தின்பது தெரியவில்லை! 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கு கூறுகிறது: 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில், இந்த நாட்டிலே 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை, நம் தமிழகத்திலே 53 பேருக்கு! இரண்டு பெண்களுக்கு ஒருவருக்கு மேல்! அந்த இரத்தத்துக்குக் காரணங்கள் பல உண்டு. மருத்துவமனையிலே தீர வேண்டியதும் உண்டு, மாத்திரையிலே தீர வேண்டியதும் உண்டு. ஆனால் நடுத்துண்டிலே தீர வேண்டியதும் உண்டு, தோழர்களே! பெண்ணுரிமைத் தீர்மானத்தை மாநாட்டிலே கைதூக்கி நிறைவேற்றிய கை, வீட்டிலே அந்தத் துண்டை எடுத்து அவர் தட்டிலே வைத்தால் குறைந்தா போய்விடும்?

ஆகவே, இந்தப் படிப்பகத்துத் தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். உங்கள் இலையை நீங்கள் கவனியுங்கள், அளவறிந்து உண்ணுங்கள், அது உங்கள் உடலுக்கு நீங்கள் செய்யும் கடமை. அடுத்தவர் இலையிலே குற்றம் தேடும் பேச்சு நம் பந்தியிலே எழுந்தால், சைவத்தைக் குறித்து எழுந்தாலும், மாட்டைக் குறித்து எழுந்தாலும், ரேஷன் அரிசியைக் குறித்து எழுந்தாலும், பருத்த உடலைக் குறித்து எழுந்தாலும், அங்கேயே நிறுத்துங்கள். சொன்னவர் கிளைச் செயலாளரே ஆனாலும் நிறுத்துங்கள்! அடுத்தபடியாக, உங்கள் வார்டிலே காலையில் பட்டினியோடு பள்ளிக்கு வரும் பிள்ளை எது, முதியோர் ஓய்வூதியம் வராமல் ஒருவேளைச் சோற்றோடு படுக்கும் மூதாட்டி யார், சத்துணவுக் கூடத்திலே குறைவது என்ன என்று கணக்கெடுங்கள். அந்தப் பட்டியலோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அந்தப் பட்டியலைக் கொடுங்கள். அதிகாரியின் கதவை நாம் சேர்ந்தே தட்டலாம்.

இலையிலே என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் நம்மைப் பலவாகப் பிரித்தார்கள். இலையிலே ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டவர்கள் நம்மை ஒரு பந்தியிலே உட்கார வைத்தார்கள். நாம் எந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறோம் என்பதை, இன்றிரவு உங்கள் வீட்டு அடுக்களையிலேயே தொடங்கி முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.